தீர்ப்பன்னிக்கு வச்ச சூப்பு

அந்தப் புஸ்தகத்துல இருக்கறது கொரியா எழுத்துதானே கண்ணு? வட்டமும் கோடுமா இருக்கே, அதான் கேட்டேன். எனக்குப் படிக்க வராது. பேசுனா புரியும். நா பேசுனா அவங்களுக்கும் பாதி புரியும். எட்டு வருஷமா கொரியாக்காரங்களுக்குத்தான் சமைக்கறேன், ஒரகடத்தாண்ட ஒரு கெஸ்ட் அவுஸ்ல. கம்பெனி பேரு வேணாம், வுடு. காருக்கு ஏதோ ரப்பர் சாமான் பண்றாங்க. என் பேரு பவுனம்மா.

பரீட்சைக்கா போற? காலைல இன்னா சாப்ட? இட்லியா, நல்லது. கொரியாவுல பரீட்சைக்குப் போற புள்ளைக்கு எத வேணா குடுப்பாங்க, கடல்பாசி சூப்பு மட்டும் குடுக்க மாட்டாங்க. உங்க டீச்சரம்மா சொல்லலயா? மியொக்குக்னு பேரு. பாசி வழுக்கும் பாரு, அதக் குடிச்சிட்டுப் போனா பரீட்சையில வழுக்கிடுவாங்களாம். 'அவன் பாசி சூப்பு குடிச்சான்'னு சொன்னா ஃபெயிலாயிட்டான்னு அர்த்தம். வேல போனாக்கூட அப்டித்தான் சொல்லுவாங்க. ஆனா பொறந்த நாளு வந்தா மொத வேலையா அதே சூப்புதான் வைக்கணும். புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற சூப்பு அது, அதனால பெத்தவள நெனச்சிக் குடிக்கறாங்க. ஒரே சூப்புதான், ஒரு நாளு மரியாத, இன்னொரு நாளு அவமானம். நா அதுல போயி மாட்டிகினேன்.

சொல்றேன், பஸ்ஸு பூந்தமல்லி போற வரைக்கும் நேரம் இருக்கு. யாராண்டயும் சொன்னதில்ல. எங்க வூட்டுக்காரராண்டகூட சொல்லல. நீ அந்த மொழி படிக்கறியே, உனக்குப் புரியும்னு சொல்றேன்.

எங்க கெஸ்ட் அவுஸ்ல ரெண்டு பேரு இருந்தாங்க. பெரியவரு நோ சார். இங்க இருக்கற கம்பெனிக்கே அவருதான் தலைவரு, அறுவது வயசு. பேரே நோ. லீவு கேட்டாலும் நோ, ஏசி போடவான்னு கேட்டாலும் நோன்னு டிரைவருங்க சிரிப்பாங்க. ஆனா நல்ல மனுசன். எம் புள்ள திலீபனக் கம்பெனியில கான்ட்ராக்ட்ல சேத்து வுட்டதே அவருதான். இன்னொருத்தன் மின்ஜே. முப்பது முப்பத்தோரு வயசு, மெஷின் இன்ஜினியரு. சாரு என்ன 'ஆஜும்மா'ன்னு கூப்புடுவாரு, அது பொம்பளைங்களப் பொதுவா கூப்புடறது. மின்ஜே 'இமோ'ன்னு கூப்புடுவான். இமோன்னா அம்மா கூடப் பொறந்தவ. நம்ம சித்தி மாதிரி.

இன்னா சிரிக்கற? ஓட்டல்ல பரிமாறுறவங்க எல்லாரையும் அப்டித்தான் கூப்புடுவாங்கன்னா? தெரியும், தெரியும். கம்பெனியில இருக்கற டிரான்ஸ்லேட்டர் பொண்ணு முன்னயே சொல்லிட்டா. இருக்கட்டுமே. என்ன அவன் சித்தின்னுதான் கூப்ட்டான்.

போன டிசம்பர் வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்டுவாங்க. சாரு முள்ள எடுத்துட்டு மீன அவன் தட்டுல வைப்பாரு. அவன் சாருக்கு ரெண்டு கையாலயும் டம்ளர்ல சரக்கு ஊத்துவான், தனக்கு ஊத்திகினா மொகத்த அந்தாண்ட திருப்பிகினு குடிப்பான். பெரியவங்க எதுர்ல அப்டித்தான் குடிக்கணுமாம். அப்பனும் புள்ளையுமா இருக்காங்கன்னு நெனச்சிக்குவேன்.

டிசம்பர்ல ஒரு செவ்வாக்கெழம. நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம், அவங்க ஊர்ல பத்தர மணி ஆயிருக்கும். நா பன்னிக்கறிய வாட்டிப் போட்டுகினு இருக்கேன், ரெண்டு பேரு போனும் ஒண்ணா அடிக்குது. அவங்க ஜனாதிபதி டிவியில வந்து ராணுவச் சட்டம்னு சொல்லிட்டாராம். 'கேயொம், கேயொம்'னு டிவிக்காரன் பேசறான். பார்லிமென்ட்டு மேல எலிகாப்டரு சுத்துது, பட்டாளத்துக்காரன் கண்ணாடிய ஒடைச்சிகினு உள்ள போறான். எம்பிங்க செவுரு ஏறிக் குதிச்சி உள்ள போயி, ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்த நிறுத்துனாங்க. அவங்க ஊர்ல விடியறதுக்குள்ள அது முடிஞ்சி போச்சி. எங்க கெஸ்ட் அவுஸ்ல முடியல.

மின்ஜே அவங்க அம்மாவுக்குப் போன் போட்டான். அந்தம்மா குவாங்ஜுன்னு ஒரு ஊரு. எம்பதாம் வருஷத்துல அந்த ஊர்ல இதே மாதிரி ராணுவச் சட்டம் போட்டு ஜனங்களச் சுட்டுட்டாங்களாம். அந்தம்மாவோட அண்ணன், ஸ்கூல் படிக்கற புள்ள, அதுல செத்துப் போச்சி. போன எடுத்த அந்தம்மா பேசவே இல்ல, மூச்சு வுடற சத்தம் மட்டும் கேக்குது. இவன் 'ஒம்மா, ஒம்மா'ன்னு கூப்புடறான். நமக்கு அம்மா, அவங்களுக்கு ஒம்மா.

அப்பதான் சாரு வாயத் தொறந்து, இந்தச் சட்டமும் தேவைதான்னு சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அவருக்கும் ஒரு கத இருக்கு கண்ணு, அவர மட்டும் தப்பா நெனைக்காத. அவங்க அப்பா சண்ட நேரத்துல வடக்கு கொரியாவுலேந்து ஓடியாந்தவரு, கூடப் பொறந்தவங்க எல்லாரையும் அங்கியே வுட்டுட்டு. எதிர்க்கட்சி வந்தா நாட்டத் தூக்கி வடக்குக்காரன் கைல குடுத்துடுவாங்கன்னு சாருக்கு பயம். மின்ஜே எழுந்துகினு ஏதோ சொன்னான். இன்னா சொன்னான்னு முழுசாப் புரியல, ஆனா மரியாத இல்லாத பேச்சுன்னு புரிஞ்சிது. அதுவரைக்கும் நீங்கன்னு பேசறவன் நீன்னு பேசிட்டான். அவங்க மொழியிலயும் அது இருக்கே, உனக்குத் தெரியும்.

அன்னிலேந்து ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சி. கம்பெனியில மெயிலு, கெஸ்ட் அவுஸ்ல நானு. ஒரே மேசை, இந்தக் கோடியில அவரு, அந்தக் கோடியில இவன். ஆஜும்மா, அவனுக்குச் சோறு போதுமா கேளுன்னு சாரு கொரியா மொழியில சொல்லுவாரு. நா திரும்பி எனக்குத் தெரிஞ்ச அரகொற கொரியா மொழியில அவனக் கேப்பேன். போதும்னு சொல்லுங்க இமோன்னு அவன் சொல்லுவான். நா இந்தப் பக்கம் திரும்பி, போதுமாம் சார்னு சொல்லுவேன். கொரியாக்காரனுக்கும் கொரியாக்காரனுக்கும் நடுவுல தமிழ்க்காரி நா கொரியா மொழியில பேசிகினு இருந்தேன். எம் மாமியாரும் நாத்தனாரும் ஒரு வருஷம் இப்டித்தான் இருந்தாங்க, அதனால எனக்குப் பழக்கம். கொஞ்சம் சக்கர போட்டுத்தான் சொல்லுவேன். அவன் கொழுப்பு எப்ப அடங்கும்னு கேளுன்னு சாரு சொன்னா, சாரு உன்ன ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாருன்னு சொல்லுவேன். அவனுக்குத்தான் காது இருக்கே. இருந்தாலும் சரின்னு தலைய ஆட்டுவான்.

பார்லிமென்ட்ல இன்னொரு ஓட்டுப் போட்டு அந்த ஜனாதிபதிய நிறுத்தி வச்சாங்க. 'தான்ஹெக்'னு சொல்லுவாங்க. பதவிய வுட்டு எறக்கறதுக்கு. ஆனா ஓட்டுப் போட்டா மட்டும் போதாதாம், கோர்ட்டும் சரின்னு சொல்லணுமாம். பொங்கல் போச்சி, மாசி மகம் போச்சி, தீர்ப்பு வர்ல. சாரு மாடியில டிவியில வயசானவங்க கொடி புடிச்சிகினு போற ஊர்வலத்தப் பாப்பாரு. மின்ஜே கீழ குந்திகினு போன்ல, சின்னச் சின்னப் பொண்ணுங்க பனியில கலர் லைட்டு ஆட்டிகினு பாடற ஊர்வலத்தப் பாப்பான். எங்க பக்கம் எவ்ளோ கூட்டம் பாருன்னு ரெண்டு பேரும் என்னாண்டதான் காட்டுவாங்க. நா ரெண்டு பேராண்டயும், அப்பாடி எவ்ளோ ஜனம்னு சொல்லுவேன். நமக்கு எதுக்கு அரசியலு. நம்மூர்ல ஆட்சி மாறுனா பஸ்ஸுக்குப் பெயிண்ட்டு மாறும், நா ரேஷன் கடையில அதே வரிசையிலதான் நிப்பேன்.

தண்டலம் வந்துடுச்சா? இன்னும் இருக்கு. அந்தப் பைய இப்டி வை, கால வச்சிக்க எடம் இல்ல பாரு.

இதுக்கு நடுவுல எனக்கு என் கவல. திலீபன் மூணு வருஷமா கான்ட்ராக்ட்ல இருந்தான். அந்த மாதிரி புள்ளைங்கள்ல கொஞ்சம் பேர இந்த வருஷம் பர்மனென்ட் பண்ணப் போறாங்கன்னு பேச்சு. டெஸ்ட்டு வச்சிட்டாங்க, எழுதிட்டான். யார எடுக்கறது யார வுடறதுன்னு சாருதான் முடிவு பண்ணணும். பொண்ணு பாத்து வச்சிருக்கோம், பர்மனென்ட்டு இல்லன்னா குடுக்க மாட்டேன்னு அவங்க அப்பன் ஒத்தக்கால்ல நிக்கறான். அதனால நா சாரு எதுர்ல நடக்கும்போதுகூட சத்தம் இல்லாம நடப்பேன்.

இப்ப சூப்புக்கு வரேன். போன வருஷம் சாரோட சம்சாரம் கொரியாவுலேந்து அந்த டிரான்ஸ்லேட்டர் பொண்ணு மூலியமா எனக்குப் போன் பண்ணாங்க. இன்னிக்கு அவருக்குப் பொறந்த நாளு, அங்க யாரும் இல்ல, நீங்க பாசி சூப்பு வச்சிக் குடுங்கன்னு. அன்னிக்கு ஏப்ரல் நாலு. வச்சேன். சாரு ரெண்டு கிண்ணம் குடிச்சாரு, கண்ணு கலங்கிடுச்சி. நா அந்தத் தேதிய மனசுல போட்டுகினேன்.

அங்கதான் நா தப்பு பண்ணேன். அவங்களும் நம்மள மாதிரிதான் கண்ணு. பெரியவங்க பொறந்த நாளுன்னா நெலாவ வச்சிக் கணக்கு பாப்பாங்க, நாம நட்சத்திரம் பாக்கறோமே அது மாதிரி. வருஷா வருஷம் இங்கிலீசு தேதி மாறும். எனக்கு அது தோணவே இல்ல. பேன்ட்டு சட்டையும் லேப்டாப்புமா இருக்கறவங்க, இங்கிலீசு தேதிதான் பாப்பாங்கன்னு இருந்துட்டேன். எம் புள்ளைக்கு நானே நட்சத்திரம் பாத்துத்தான் அர்ச்சன பண்றேன். அப்பயும் தோணல. இந்த வருஷம் சாரு பொறந்த நாளு மார்ச்சு மாசத்துலயே வந்துட்டுப் போயிடுச்சி. ஆஜும்மாவுக்குத்தான் தெரியுமேன்னு அவரு சம்சாரமும் எனக்குச் சொல்லி அனுப்பல. அன்னிக்கு நா வச்சது கத்திரிக்காயும் முட்டையும். சாரு ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டுப் போயிருக்காரு.

இந்த வருஷம் ஏப்ரல் நாலு வெள்ளிக்கெழம. அன்னிக்குத்தான் தீர்ப்புன்னு சொல்லிட்டாங்க. அவங்க ஊர்ல பகல் பதினோரு மணி, நமக்குக் காலைப் பலகாரம் சாப்டற நேரம். நா சீக்கிரமா எழுந்து பாசிய ஊற வச்சி, நல்லெண்ணெயில மாட்டுக்கறிய வதக்கி, நல்லாக் கொதிக்க வுட்டு சூப்பு வச்சேன். தீர்ப்பு எப்டி வந்தாலும் பொறந்த நாளு அன்னிக்கு அந்த மனுசன் வயிறு நெறஞ்சி இருக்கட்டும்னுதான் வச்சேன். வேற எதுக்கும் இல்ல.

கீழ பெரிய டிவி. நாலு மாசம் கழிச்சி ரெண்டு பேரும் ஒரே டிவிய ஒண்ணாப் பாக்கறாங்க. சாரு வெள்ள சட்ட, டை எல்லாம் கட்டிகினு வந்து குந்துனாரு, சாவு வூட்டுக்கா கல்யாணத்துக்கான்னு தெரியாத மாதிரி. எட்டு ஜட்ஜிங்க வரிசையா குந்தியிருக்காங்க. ஒருத்தரு படிக்கறாரு, படிக்கறாரு, படிச்சிகினே இருக்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. சோறு ஆறிப் போவுதேன்னு சூப்ப மொண்டு சாரு எதுர்ல வச்சேன். வச்ச கைய நா இன்னும் எடுக்கல, அந்த ஜட்ஜி 'பாமியொன்'ன்னு சொல்லிட்டாரு. பதவியப் புடுங்கியாச்சின்னு அர்த்தம்.

சாரு டிவியப் பாத்தாரு, அப்பறம் கிண்ணத்தப் பாத்தாரு. மின்ஜேவும் கிண்ணத்தப் பாத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சி. கெட்ட சிரிப்பு இல்ல கண்ணு, நாலு மாசமா ஒழுங்காத் தூங்காத புள்ள, கண்ணுல தண்ணி வழியுது, வாயி சிரிக்குது. சாரு அந்த வாய மட்டும்தான் பாத்தாரு.

என்னாண்ட திரும்பி, "ஆஜும்மா, இத யாரு வைக்கச் சொன்னது?"ன்னு கேட்டாரு.

நா மின்ஜேவப் பாத்தேன்.

இத நல்லாக் கேட்டுக்கோ. நா பொய் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. மின்ஜேவப் பாத்தேன், அவ்ளோதான். ஒருத்தரு திடீர்னு கேள்வி கேட்டா பக்கத்துல இருக்கறவங்க மொகத்த நாம பாக்கறதில்லயா? பாக்கறது ஒரு குத்தமா? 'செங்இல்'னு ஒரு வார்த்த இருக்கு, பொறந்த நாளு. அதச் சொல்லியிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். அன்னிக்கு வாயில வர்ல. சரி, வந்துது. நாக்கு வரைக்கும் வந்துது. ஆனா சாரு மொகம் செவந்து போயி இருக்குது, திலீபன் பேரு அவரு மேசையில இருக்குது. இந்த நேரத்துல பொறந்த நாளுன்னு நா சொல்லி, அவரு அதையும் கிண்டல்னு எடுத்துகினா? பெத்தவ அப்ப இன்னா நெனப்பா, நீயே சொல்லு. உனக்குப் புள்ள இல்ல, வுடு.

மின்ஜே என்னப் பாத்தான். ரொம்ப நேரம் எல்லாம் இல்ல. அப்பறம் எழுந்து நின்னு, நாலு மாசத்துல மொத தடவையா சாராண்ட நேராப் பேசினான். மரியாதையாத்தான் பேசினான்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன்"னான்.

சாரு கிண்ணத்த ஒரு வெரலால அந்தாண்ட தள்ளிட்டு மாடிக்குப் போயிட்டாரு. நா சமையக்கட்டுல போயி நின்னுகினேன். மின்ஜே பின்னாடியே வந்தான். ஏன் தம்பி அப்டிச் சொன்னேன்னு கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே எம் மேல கோவம், அதோட இதுவும் சேரட்டும் இமோ, திலீபனுக்கு மொதல்ல ஆர்டரு வரட்டும்னு சொன்னான். வேணாம், நா போயி உண்மையச் சொல்லிடறேன்னு சொன்னேன். சொன்னேன்னுதான் நெனைக்கறேன். மனசுக்குள்ள சொன்னேனோ என்னமோ, இப்ப சரியா ஞாபகம் இல்ல. அவன் அந்தச் சூப்ப நின்னுகினே ஒரு கிண்ணம் குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனான்.

நீ ஒண்ணு கேக்கணும்னு நெனைக்கற, எனக்குத் தெரியுது. பாசி சூப்புக்கு அந்த இன்னொரு அர்த்தம் உனக்கு முன்னாடியே தெரியாதா பவுனம்மான்னு. தெரியும். மின்ஜேதான் சொன்னான். அவன் பொறந்த நாளுக்கு வச்ச சூப்பு மிஞ்சுனத நா டிபன் பாக்ஸ்ல ஊத்தி வச்சிருந்தேன். மறுநாளு திலீபனுக்கு டெஸ்ட்டு. மின்ஜே அதப் புடுங்கி, பரீட்சைக்கு ஆவாது இமோன்னு ஃபிரிட்ஜ்ல வச்சிட்டான். ஆனா பரீட்சைக்கு ஆவாதுன்னுதான் சொன்னான். ஜனாதிபதிக்கும் ஆவாதுன்னு சொல்லலயே. வேல போறதுக்கும் அதான் பேச்சுன்னு அந்த டிரான்ஸ்லேட்டர் பொண்ணு பின்னாடிதான் சொல்லிச்சி.

அந்த மாசமே மின்ஜேவத் திருப்பி அனுப்பிட்டாங்க. சாரு மெயில்ல இன்னா எழுதுனாரோ, அங்க போயும் அவனால அந்தக் கம்பெனியில இருக்க முடியல. பெரியவர அவமானப்படுத்துனவன்னு பேரு அவனுக்கு முன்னாடியே போயி குந்திகிச்சி. வேலைய வுட்டுட்டான். இப்ப அம்மா கூட இருந்துகினு ஊர்ல யாரோ கடையில மெஷின் ரிப்பேர் பண்றான். அவ்ளோ படிச்ச புள்ள. கெளம்பற அன்னிக்குக் கெஸ்ட் அவுஸ் வாசல்ல என் எதுர்ல இடுப்பு வரைக்கும் குனிஞ்சி வணக்கம் வச்சான். டிரைவரு பாத்துகினு நிக்கறான். எனக்கு எங்கியாவது ஓடிப் போயிடலாம் போல இருந்துது. ஆவக்கா ஊறுகா பாட்டிலு குடுத்தேன். ஏர்போர்ட்ல வுட மாட்டாங்கன்னு டிரைவரு சொன்னான். பரவால்லன்னு வாங்கி மடியில வச்சிகினான்.

மே மாசம் திலீபனுக்கு ஆர்டரு வந்துது. பர்மனென்ட்டு, ஆனா ஆறு மாசம் புரொபேஷன். கோயிலுக்குப் போனேன். சாமிய நேராப் பாக்க முடியல கண்ணு. பூசாரியவே பாத்துகினு நின்னுட்டு, துந்நூறு வாங்கிகினு வந்துட்டேன்.

ஜூன்ல அங்க எலெக்‌ஷன். சாரு முன்னயே மெட்ராசுக்குப் போயி ஓட்டுப் போட்டுட்டு வந்தாரு. அவரு போட்ட ஆளு தோத்துட்டாரு, எதிர்க்கட்சிக்காரரு ஜனாதிபதி ஆயிட்டாரு. டிவிய ஒடைச்சிடுவாருன்னு நா பயந்துகினு இருந்தேன். ஒண்ணும் பண்ணல. டிவிய அணைச்சிட்டுச் சோறு போடுன்னாரு. புது ஆட்சி வந்தா வடக்குக்காரன் உள்ள வந்துடுவான்னு சொன்னாரே, யாரும் வர்ல. ரப்பரு எப்பவும் போல கப்பல்ல போச்சி. சாரு மட்டும் அந்த மேசையில ஒண்டியா குந்தி சாப்டுவாரு. பேசாம இருக்கறதுக்குக்கூட எதுர்ல ஒரு ஆளு வேணும்ல. மீன்ல முள்ள எடுத்துட்டு, அந்த மீன எங்க வைக்கறதுன்னு தெரியாம தட்டு ஓரத்துல வச்சிடுவாரு. நா தட்டக் கழுவும்போது பாப்பேன்.

செம்பரம்பாக்கம் போயிடுச்சா? பேச்சுல தெரியல.

கண்ணு, இதுவரைக்கும் சொன்னத மட்டும் சொல்லிட்டு எறங்கிடலாம்னுதான் நெனச்சேன். இன்னும் கொஞ்சம் இருக்கு.

ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம. நா வெங்காயம் உரிச்சிகினு இருக்கேன். சாரு சமையக்கட்டுக்குள்ள வந்தாரு. அவரு அங்க வந்ததே இல்ல. கைல போன வச்சிகினு கேலண்டரக் காட்டறாரு. அவரு சம்சாரம் ஏதோ பேச்சுல சொல்லியிருக்காங்க, போன வருஷம் உங்க பொறந்த நாளு இங்கிலீசுக்கு ஏப்ரல் நாலுல வந்துதேன்னு. அன்னிலேந்து அவரு தூங்கல போல, கண்ணெல்லாம் உள்ள போயி இருந்துது. எட்டு வருஷத்துல மொத தடவையா எனக்கு மரியாத குடுத்துப் பேசினாரு. நீ இல்ல, நீங்க.

"அன்னிக்கு நீங்க வச்சது என் பொறந்த நாளுக்கா? அப்டின்னா சொல்லுங்க. நா தப்பு பண்ணிட்டேன். எழுதிப் போட்டு அவனத் திரும்பக் கூப்ட்டுக்கறேன்."

அவரு மொகத்த நீ பாத்திருக்கணும். ஆமான்னு நா சொல்லணும்னு அந்த மனுசன் கெஞ்சறாரு. வாயால இல்ல, நின்ன நெலையில. ஆமான்னு சொன்னா போதும், ரெண்டு பேருக்கும் நல்லது. ஆனா அடுத்த கேள்வி இன்னா கேப்பாரு? அப்பயே ஏன் சொல்லல, அந்தப் புள்ளைய நா அனுப்பும்போது நீங்க ஏன் வாய மூடிகினு இருந்தீங்கன்னு கேப்பாரா மாட்டாரா? அதுக்கு நா இன்னா சொல்றது? திலீபனுக்குப் புரொபேஷன் பாதிதான் ஆயிருக்கு. பந்தக்கால் நட நாளு பாத்துகினு இருக்காங்க.

'ஆனியோ'ன்னு சொல்லிட்டேன்.

இல்லன்னு. உனக்கு மொத பாடத்துலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஒரே வார்த்தைதான். சாரு அப்டியான்னு சொல்லிட்டு, ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சிட்டு மாடிக்குப் போயிட்டாரு.

பாத்தேன் அவ்ளோதான், ஒரு வார்த்த சொல்லலன்னு உன்னாண்ட சொன்னேனே. அது ஏப்ரலுக்குச் செல்லும். ஆடி மாசத்துக்குச் செல்லாது. எனக்குத் தெரியாமலா இருக்கு. சோறு எறங்கல கண்ணு அன்னிலேந்து. வெங்காயம்னு சொல்லிச் சொல்லியே அழுதுகினு இருக்கேன்.

புரொபேஷன் முடிஞ்சா சொல்லிடுவீங்களான்னு கேக்கறியா? இந்த மாசம் முடியுது. தை மாசத்துல கல்யாணம். அது ஆவட்டும். பாக்கலாம்.

நசரத்பேட்ட வந்துடுச்சி. நா எழுந்துக்கறேன், முன்னாடி போயி நின்னாத்தான் எறங்க முடியும். கொஞ்சம் கால ஒதுக்கு.

மின்ஜே இப்பவும் வீடியோல கூப்புடுவான். அவங்க ஊரு அறுவடப் பண்டிகைக்குக் கூப்ட்டான், பக்கத்துல அவங்க அம்மா. அந்தம்மா என்னப் பாத்துத் தலையக் குனிஞ்சி, எம் புள்ளைக்கு அவ்ளோ தூரத்துல சோறு போட்டீங்கன்னு சொன்னாங்க. நா சேலைய இழுத்து வாயப் பொத்திகினேன். திலீபனுக்குப் பர்மனென்ட்டு ஆனதச் சொன்னேன், அவனுக்கே வேல கெடச்ச மாதிரி கையத் தட்டுனான். அப்பறம் சிரிச்சிகினேதான் கேட்டான், ஆனா அவங்க அம்மா சிரிக்கல, என் வாயவே பாத்துகினு இருந்தாங்க.

"இமோ, சாரு எப்பயாவது என்னப் பத்திக் கேட்டாரா?"

'ஆனியோ'ன்னேன். அவன் நம்பிட்டான் கண்ணு.